குளத்து நீரைப் பார்த்துப் பயிரைத் தீர்மானிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளங்கள் நிரம்பாத ஆண்டுகளிலும் மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்காலின் கடைசிக் காணி வரை நெல்லையே விதைத்துவிட்டு, பயிர் கதிர் வெளிவருவதற்குச் சற்று முந்திய குடலைப் பருவத்தை எட்டும்போது நீருக்குத் தவிக்கும் நிலை இலங்கையின் உலர் வலயத்தில் தொடர்வது மிகுந்த வேதனை தருகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் வயலில் நிற்கும் நெல்லுக்குச் செலவாகும் நீரில் ஒரு பகுதியே, ஏறத்தாழ 65 நாட்களில் அறுவடைக்கு வரும் பயறுக்குப் போதுமானது. எனவே, நீர் விரைவாக வடியும் மேட்டுச் செம்மண் காணிகளில் பயறு, உளுந்து, நிலக்கடலை ஆகியவற்றையும், நீர் தங்கும் தாழ்நிலத்தில் மட்டும் நெல்லையும் செய்வதென, விதைப்புக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே குளத்தின் நீர்மட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும். வரட்சியில் வயலின் ஒரு பகுதியை மட்டும் எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் ‘பெத்ம’ வழக்கம் இந்நாட்டில் பழமையானதே. ஆனால், விளைந்த பயறை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பது தெரியாத விவசாயியைக் குறைகூறுவது நியாயமன்று. அந்த விலையை விதைப்புக்கு முன்பே அரசு அறிவிக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.