கொடைக்கானல் ஏரி ரோட்டு வளைவுல குறுக்க வெட்டுன பள்ளத்த ஒழுங்கா மூடித்தரச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஏரி ரோட்டுல சைக்கிள் வாடகைக்கு விட்டுப் பொழைக்குற குடும்பம், கூடவே கீழ கையெழுத்து போட்டிருக்குற அக்கம்பக்கத்து ஆளுங்க,
கொடைக்கானல்.

பெறுநர்:
சாலைப் பணிகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்.

பொருள்: ஏரியச் சுத்துற ரோட்டுல, பாலத்துக்கு முன்னாடி வளைவுல, குழா பதிக்க வெட்டி அரைகுறையா மூடுன பள்ளத்துல சைக்கிள்ல வர்றவங்க விழுந்துக்கிட்டே இருக்குறது தொடர்பா.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இதே விஷயமா முன்னாடியும் எழுதிக் கொடுத்துருக்கோம் ஐயா. நேர்ல போயி சீல் வச்ச ரசீதும் வாங்கிட்டு வந்தோம், ஆன்லைன்ல போட்டோ வச்சும் போட்டோம், மனு சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டதுன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு, அதோட சரி. ஒரு ஆபீஸ்ல போயி கேட்டா வெட்டுனவங்கதான் மூடணும்னு சொல்றாங்க, வெட்டுனவங்கள கேட்டா நாங்க மூடி ஒப்படைச்சுட்டோம் மேல தார் போடுறது எங்க வேல இல்லங்குறாங்க. ரெண்டு பேரும் சொல்றத கேட்டுட்டு திரும்பி வந்து பாத்தா பள்ளம் அங்கனயேதான் கெடக்கு. அதனால தயவுசெஞ்சு இந்த மனுவயாவது முழுசா படிச்சுப் பாக்கணும்னு கேட்டுக்குறோம்.

1. எந்த எடம்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, நீங்களே போற வர்ற ரோடுதான். கடை, குதிரை, மக்காச்சோள வண்டி கூட்டமெல்லாம் முடிஞ்சு, மரம் ரோட்டு மேல கவிஞ்சு நிக்குற அந்த அமைதியான பக்கம், மேட்டுல இருந்து ஓடைத்தண்ணி ஏரிக்கு எறங்குற சின்னப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வளைவு வருதுல்ல, அங்க. லேசா எறக்கமா இருக்கும், மிதிக்காமலே சைக்கிள் வேகம் எடுக்கும். அந்த எறக்கத்துல ரோட்டுக்கு ஒரு கரையில இருந்து மறு கரை வரைக்கும் குறுக்க வெட்டு.

2. குழா பதிக்க வெட்டுனத நாங்க குத்தம் சொல்லல, எங்க வீட்டுக்கும்தான் தண்ணி வேணும். மூடுன விதம்தான் தப்பு. தோண்டுன மண்ணையே திருப்பி உள்ள தள்ளி, மேல ஜல்லியக் கொட்டி, ஜேசிபி பக்கெட்டால ரெண்டு தட்டு தட்டிட்டு கெளம்பிட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா மண்ணு போட்டு தண்ணி விட்டு இறுக்கி, வெட் மிக்ஸ், அதாவது தண்ணி சேத்து கலந்த ஜல்லிக் கலவை, போட்டு ரோலர் ஓட்டி அதுக்கு மேல தார் போட்டாத்தான் நிக்கும்னு ரோட்டு வேல பாத்த எல்லாருக்கும் தெரியும். அதோட மேட்டுப் பக்கத்து வாய்க்கால் சருகும் மண்ணுமா அடைச்சுக் கெடக்கு, மழைத்தண்ணி போக வழியில்லாம ரோட்டு மேலயே வழிஞ்சு நேரா அந்த வெட்டுக்குள்ளதான் எறங்குது. ஐப்பசி கார்த்திகை மழையில மண்ணெல்லாம் கரைஞ்சு ஏரிக்குப் போயிருச்சு, ஜல்லி மட்டும் கோலிக்குண்டு மாதிரி உருண்டுக்கிட்டு கெடக்கு. சீசனுக்கு முன்னாடி வந்து ஒட்டுப் போட்டாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா ஈர மண்ணு மேலயே தார்க்கலவைய அள்ளிப் போட்டா எப்படி ஐயா ஒட்டும், கோடை மழை பேஞ்சதும் பாளம் பாளமா பேந்து போச்சு. இப்ப நல்லா ஒரு சாண் ஆழம் இருக்கு.

3. இதுதான் முக்கியம், இத மட்டுமாவது படிங்க. கார் காரங்களுக்கு அது ஒரு குலுங்கல், பைக் காரங்களுக்கு ஒரு அடி, ஆனா சைக்கிளுக்கு அது விழுகுற எடம். பெரியவங்க ஓட்டுற 26 இஞ்ச் சக்கரம் எப்படியாவது தட்டித் தடுமாறி ஏறிடும், ரிம் கோணிக்கும், ஸ்போக் அறுந்து போகும், பரவால்ல, எங்க வீட்டுக்காரரு ராத்திரி ஒக்காந்து பெண்ட் எடுத்துருவாரு. சின்னப் புள்ளைங்க சைக்கிள் சக்கரம் 16 இஞ்ச்தான், அது பள்ளத்துக்குள்ள எறங்குனா ஏறாது, அப்படியே குத்தி நின்னுக்கும், புள்ள மட்டும் ஹேண்டிலுக்கு மேல முன்னாடி பாய்ஞ்சு விழும். கைய ஊணக்கூட நேரம் இருக்காது, மூஞ்சி நேரா ஜல்லியிலதான் போயி விழும்.

டபுள் சைக்கிள் இன்னும் மோசம். பின்னாடி ஒக்காந்து மிதிக்குறவங்களுக்கு முன்னாடி இருக்குறவங்க முதுகுதான் தெரியும், ரோடே தெரியாது. அவங்க புடிச்சுருக்குற ஹேண்டில் திரும்பாது, பிரேக்கும் அவங்க கையில இல்ல. முன்னாடி ஓட்டுறவரு கடைசி நேரத்துல பள்ளத்த பாத்து பிரேக்க புடிக்குறப்ப பின்னாடி உள்ளவங்க ஒண்ணும் தெரியாம மிதிச்சுக்கிட்டே இருப்பாங்க, சைக்கிள் ஒரு பக்கம் இவங்க ஒரு பக்கம். புதுசா கல்யாணம் ஆனவங்க ஆசையா எடுத்துட்டுப் போறது இந்த சைக்கிளத்தான், திரும்பி வர்றப்ப அந்தப் பொண்ணு நொண்டிக்கிட்டு வருது, இவரு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றாரு.

இதுல மேகம் வேற எறங்கிருச்சுன்னா கேக்கவே வேணாம். சாயங்காலம் பத்தடிக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. மழை பேஞ்ச அன்னிக்கு பள்ளம் பூரா தண்ணி நெறஞ்சு ரோடு மாதிரியே தெரியும். பள்ளம் தெரிஞ்சவங்களும் தப்பிக்க முடியல, ஏன்னா பள்ளத்த விட்டு விலகணும்னா நடு ரோட்டுக்குத்தான் வரணும், பின்னாடி கார் வந்துக்கிட்டு இருக்கும், அவரும் அதே பள்ளத்துக்காக வண்டிய ஒடிப்பாரு. ஒரு நாள் எங்க கண்ணு முன்னாடி ஒரு டிராவல்ஸ் வேன் ஒரு பையனோட பின் சக்கரத்த ஒரசிக்கிட்டுப் போயி நின்னுச்சு. அந்தப் பையன் பெத்தவங்க அப்ப ஏரிக்கரையில செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு என்ன நடக்க இருந்துச்சுன்னே தெரியாது.

போன லீவுல ஒரு சின்னப் பாப்பா, தூத்துக்குடி பக்கம்னாங்க, முன் பல்லு ரெண்டும் போயிருச்சு. ஸ்வெட்டர் பூரா ரத்தம். எங்க கடையிலதான் பெஞ்சுல ஒக்கார வச்சு, வெந்நி வச்சு தொடச்சு விட்டேன், அது அழுவக்கூட இல்ல, கையில ஒரு பல்ல இறுக்கமா புடிச்சுக்கிட்டு இத அம்மாட்ட குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அவங்க அப்பா எங்கள அப்படி திட்டுறாரு, ஓட்ட சைக்கிளக் குடுத்து எம்புள்ளைய கொல்லப் பாத்தீங்கன்னு. நான் என்னத்த பதில் சொல்ல? பிரேக்கு, செயினு எல்லாம் காலைலதான் பாத்து எண்ணெய் விட்டு அனுப்புனது. ரோட்டுல பள்ளம்னு சொன்னா அந்த நேரத்துல எந்த அப்பா காதுல ஏறும்? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சு அனுப்பிட்டு வந்து ஒக்காந்தவதான், அன்னிக்கு வேற யாருக்கும் சைக்கிள் குடுக்க கை வரல.

வெளியூர் ஆளுங்க மட்டும் இல்ல ஐயா. நம்ம ஊரு புள்ளைங்களும் இந்த ரோட்டுலதான் சைக்கிள் பழகுதுங்க. காலைல வாக்கிங் போற வயசானவங்க, விடியக்காலைல பால் கொண்டு போறவரு, எல்லாரும் அதே வளைவுலதான் போகணும். அங்க லைட்டும் சரியா எரியுறதில்ல.

4. ஏரி ரோட்டுல ஓட்ட முடியலன்னா வேற ரோட்டுல ஓட்டச் சொல்லுங்கன்னு ஒருத்தர் ஆபீஸ்ல சொன்னாரு. நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல வேற எந்த ரோடு ஐயா? மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, பில்லர் ராக்ஸ்னு சுத்துறது கார்ல போறவங்களுக்கு ஏத்த ரோடு, பாக்குறதுக்கு அவ்வளவு அழகு, ஆனா ஏத்தமும் வளைவும், சின்னப்புள்ள சைக்கிள் ஏறாது. வட்டக்கானல் பக்கம் செங்குத்தா எறங்கும். பேரிஜம் ஏரிக்குப் போகணும்னா வனத்துறை அனுமதி வாங்கணும். பூம்பாறை பூண்டு வயல பாத்துக்கிட்டே மன்னவனூரு, கிளாவரை வரைக்கும் போறவங்க இருக்காங்க, வத்தலகுண்டுல இருந்து மலை ரோடு பூரா மிதிச்சே 7000 அடிக்கு ஏறி வர்ற பசங்களும் இருக்காங்க, அவங்க எல்லாம் கியர் சைக்கிள், ஹெல்மெட்டுன்னு தயாரா வர்றவங்க. சாதாரணமா ஒரு குடும்பம், பாட்டி பேரன் எல்லாம் சேந்து ஓட்டணும்னா இந்த ஏரியச் சுத்தி இருக்குற 5 கிலோமீட்டர்தான், இந்த மலையிலயே சமமா சுத்தி வர்ற ரோடு இது ஒண்ணுதான். அதையும் இப்படி விட்டுட்டா எப்படி?

5. எங்க பொழப்பு. அத நீட்டல, சீசன்ல ரெண்டு மாசம் ஓடுனாத்தான் மழைக்காலத்துக்கு அரிசி.

6. 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் இல்லாம வெளியூர் வண்டி மேல ஏற முடியாது. 2025-ல சீசனுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டின்னு ஐகோர்ட் வரம்பு வச்சாங்க. நல்ல விஷயம், நெரிசல் கொறஞ்சா எங்களுக்கும் நல்லதுதான். ஆனா அந்த வண்டியில வர்ற ஆளுங்க ஏரிய பாக்காம கீழ எறங்குறாங்களா? எல்லாரும் இந்த ரோட்டுக்கு வந்துட்டுத்தான் போறாங்க. எந்த வண்டி எந்த ஊர்ல இருந்து என்னிக்கு வருதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்க முடியுது, ஏழு ரோடு சந்திப்புல இருந்து நடந்து வர்ற தூரத்துல இருக்குற ஒரு பள்ளத்த பாக்க யாராலயும் முடியலயா? நாங்க ஒண்ணும் புது ரோடு கேக்கல, பாலம் கேக்கல. ஒரு டிராக்டர் ஜல்லி, ஒரு ரோலரு, கொஞ்சம் தாரு, வேல தெரிஞ்ச நாலு பேரு. ஒரு நாள் வேல ஐயா அது. அந்த ஒரு நாள் வேலைக்கு எத்தன மனு எழுதணும்? பெரிய ஆளுங்க யாராவது கோடை விழாவுக்கு வர்றாங்கன்னா மட்டும் முந்துன நாள் ராத்திரி வந்து மண்ணப் போட்டு மூடி சுண்ணாம்புக்கோடு இழுத்துட்டுப் போறீங்களே, அவங்க வண்டி குலுங்கக் கூடாதுன்னு இருக்குற அக்கறை பல்லு ஒடஞ்ச அந்தப் பாப்பா மேல ஏன் இல்ல? ஒரு உசுரு போனாத்தான் வந்து பாப்பீங்களா?

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும், ஆனா எழுதுனதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல.

இந்த ஏரியே ஒரு அதிகாரி மனசு வச்சதாலதான் வந்துச்சு. 1863-ல மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரைதான் ஓடைக்குக் கரை கட்டி இத ஏரியாக்குனாருன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு மலை ஏற மோட்டார் ரோடு கூட கெடையாது, டோலியிலயும் குதிரையிலயும் வந்துருக்காங்க. அப்பவே ஒரு ஏரிய உண்டாக்கிட்டுப் போனவரு உக்காந்த மாதிரி ஒரு நாற்காலியிலதான் ஐயா நீங்களும் உக்காந்துருக்கீங்க.

அதனால கேட்டுக்குறது: பழைய ஜல்லிய பூரா தோண்டி எடுத்துட்டு முறையா இறுக்கி தார் போட்டு மூடணும், மேட்டுப் பக்கத்து வாய்க்கால மொதல்ல தூர் வாரணும், அது செய்யலன்னா எத்தன தடவ தார் போட்டாலும் அடுத்த மழைக்கு நிக்காது. வேல ஆரம்பிக்க நாளாகும்னா அது வரைக்கும் இன்னிக்கே ஒரு தடுப்பும், ராத்திரி மினுக்குற போர்டும் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே வைக்கணும், பள்ளத்துக்குப் பக்கத்துல வச்சா எறக்கத்துல வர்ற சைக்கிள் நிக்காது. நாங்களே ஒரு செவப்புத் துணிய குச்சியில கட்டி நட்டு வச்சோம், காத்துல சாஞ்சுருச்சு, திரும்ப நட்டோம், எவரோ புடுங்கிப் போட்டுட்டாங்க. முடிஞ்சா அந்தப் பக்கத்து லைட்டையும் பாக்கச் சொல்லுங்க. எங்க மனு மேல என்ன நடவடிக்கைன்னு ஒரு வரி எழுத்துல பதில் வேணும், அனுப்பப்பட்டதுங்குற பதில் வேணாம், என்னிக்கு மூடுவீங்கங்குற பதில் வேணும்.

தயவுசெஞ்சு மூடிக் குடுங்க ஐயா. பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சுன்னா புள்ளைங்க கூட்டம் வந்துரும், அதுக்கு முன்னாடி மூடிக் குடுங்க.

நேர்ல பாக்க வர்றதா இருந்தா கார்ல வர வேணாம், கார்ல வந்தா தெரியாது. எங்க கடையில சைக்கிள் எடுத்துக்கோங்க, வாடகை எதுவும் வேணாம், எங்க வீட்டுக்காரரு கூடவே வந்து எடத்த காட்டுவாரு. காலைல ஆறரைக்கெல்லாம் கடைய தெறந்துருவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரி ரோட்டு சைக்கிள் கடைக்காரம்மா
மற்றும் அக்கம்பக்கத்து குடியிருப்புவாசிகள்

இணைப்பு: பள்ளத்தோட போட்டோ, முன்னாடி கொடுத்த மனுவோட ரசீது நகல், கையெழுத்துத் தாள்.