ஏஜென்ட்டுக்கு டூல் குடுக்கிற ஆக்கள் விளக்கத்த ஒழுங்கா எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கல்லடியில இருந்து எழுதுறன். சொஃப்ட்வெயர் டெஸ்டிங்தான் என்ட வேலை, வீட்ட இருந்தே செய்யிறன், ஏழு வருசமாச்சு. ஏஐ வந்தா இந்த வேலை போயிரும் எண்டு எங்கட பொடியன்களும் புள்ளையளும் பயந்து கேக்கிறாங்க. நான் வேலையில கண்டத எழுதுறன், பேப்பர்ல போட்டீங்க எண்டா நாலு பேருக்கு உதவும்.

ஏஐ ஏஜென்ட்டுக்கிட்ட "லொகின் பக்கத்த டெஸ்ட் பண்ணு" எண்டு சொன்னா அதுவா பிரவுசரத் திறந்து, பட்டன அமத்தி, பிழை இருந்தா ரிப்போட் எழுதித் தரும். ஆனா அதுக்குக் கை எண்டா நாம குடுக்கிற டூல்தான், அதாவது ஒரு வேலைய அதுக்காகச் செஞ்சு குடுக்கிற சின்னக் கோட். 2024 நவம்பர்ல அந்த்ரோபிக் எண்ட ஏஐ கொம்பனி ஏஜென்ட்டோட டூல மாட்டுறதுக்கு எம்சிபி எண்டு ஒரு பொது முறைய வெளியிட்டாங்க, மறுகா பிரவுசரத் தானா ஓட்டுற மைக்ரோசொஃப்ட்ட ப்ளேரைட்டும் அதுக்கேத்த மாதிரி வந்திச்சு, இப்ப ஆரும் டூல் எழுதி ஏஜென்ட்டுக்கு மாட்டலாம். டூலுக்கு ஒரு பேர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் குடுக்கோணும் எண்ட பட்டியல், ஏஜென்ட் பாக்கிறது இவ்வளவுதான். உள்ளுக்க கிடக்கிற கோட் அதுட கண்ணுக்குத் தெரியாது.

நான் வேலை செஞ்ச ஒரு இடத்துல "ரீசெட்" எண்டு ஒரு டூல் இருந்திச்சு. விளக்கம் ஒரே வரி, "டேட்டாவ ரீசெட் பண்ணும்". எழுதின தம்பிக்குத் தெரியும் அது டெஸ்ட் டேட்டாபேஸ முழுசா அழிக்கும் எண்டு. ஏஜென்ட்டுக்கு எப்பிடித் தெரியும்? ஒரு படிவம் சரிவராமப் போக, "படிவத்தை வெறுமையாக்கிவிட்டு மீண்டும் முயல்கிறேன்" எண்டு லொக்ல, அதாவது தான் செய்யிறத எழுதி வைக்கிற பதிவில, எழுதிப்போட்டு அந்த டூலத்தான் கூப்பிட்டிருக்கு. நாங்க மூண்டு பேர் ஒம்பது நாளா இருந்து ஏத்தின கஸ்டமர் விவரம் எல்லாம் போயிட்டு. எல்லாரும் ஏஐயத்தான் ஏசினாங்க, அந்த லொக்க வாசிச்ச எனக்கு ஏச மனம் வரல்ல, அது தனக்குச் சொன்னத நம்பித்தானே செஞ்சிருக்கு.

மறுகா நான் அந்த விளக்கத்த மாத்தி எழுதினன். "டெஸ்ட் டேட்டாபேஸ்ல உள்ள எல்லாத்தையும் அழிக்கும், திரும்ப எடுக்க ஏலாது. படிவத்த வெறுமையாக்க இதப் பாவிக்க வேணாம், அதுக்கு வேற டூல் இருக்கு." டூல்ட பேரையும் மாத்தினம். எழுத்த மட்டும் நம்பியும் இருக்க ஏலாது, ஒராள் ஓம் எண்டு சொல்லாம அது ஓடாத மாதிரி கோட்லயும் பூட்டுப் போட்டம்.

இதவிடப் பயங்கரமானது மற்றது. கஸ்டமரத் தேடுற டூலுக்கு "அடையாள எண்" எண்டு மட்டும் எழுதிக் கிடந்திச்சு. நம்மட நாட்டுல பழைய அடையாள அட்டையில 9 இலக்கமும் கடைசியில வீ அல்லது எக்ஸும், புதுசில 12 இலக்கம். ஏஜென்ட் வீய விட்டுட்டு 9 இலக்கத்த மட்டும் குடுத்திருக்கு, டூல் பிழை எண்டு ஒண்டும் சொல்லாம வெறும் பட்டியலத் திருப்பிக் குடுத்திட்டு. அண்டைக்கு டெஸ்ட் என்னெண்டா, அழிச்ச கஸ்டமர் மறுபடி தேடினா வரக்கூடாது. வரல்லத்தானே, அப்ப பாஸ்! உண்மையில அந்த ஆள் அழியாமத்தான் உள்ளுக்க இருந்தார். பெயில் எண்டா ஆரும் போய்ப் பாப்பாங்க, பொய்யாப் பாஸ் ஆனத ஆரு பாக்கிற? இப்ப எண் எந்த வடிவத்துல வரோணும், ஆள் இல்லாட்டி என்ன வரும், எண் பிழையெண்டா என்ன வரும் எண்டு விளக்கத்துல வெவ்வேறயா எழுதி, டூலும் அப்பிடியே சொல்லுற மாதிரி செஞ்சிருக்கம்.

வெளியூர் ஆளுக்கு "கல்லடிப் பாலத்தடியில இறங்கு" எண்டு சொன்னாப் போதுமா? பழைய பாலம் 1924ல கட்டினது, பக்கத்துலயே புதுப் பாலமும் நிக்குது, டவுன் பக்கமா கல்லடிப் பக்கமா எண்டு நமக்குத் தெரியும், வாற ஆளுக்குத் தெரியாது. ஏஜென்ட்டும் ஒவ்வொரு தரமும் புதுசா வந்து இறங்குற ஆள் மாதிரித்தான், நேத்து நடந்தது அதுக்கு ஞாபகம் இருக்கும் எண்டு நம்பி எழுத ஏலாது. அதுக்காகப் பக்கம் பக்கமாவும் எழுத வேணாம், எல்லா டூல்ட விளக்கத்தையும் அது சேத்துத்தான் சுமக்குது, கூடினா செலவும் கூட, குழப்பமும் கூட.

வந்தாறுமூலையிலயும் ஒலுவில்லயும் கம்பஸ்ல படிப்பிக்கிற ஆக்கள், மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கோர்ஸ் நடத்துற ஆக்கள் எல்லாரையும் கேக்கிறன், டெஸ்டிங் படிப்பிக்கக்குள்ள இதையும் ஒரு பாடமா வையுங்க. புள்ளையள் எழுதின விளக்கத்தக் கோட் பாக்காத ஒராளிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க. நான் என்ட தங்கச்சியிட்டக் குடுக்கிறனான், அவ களுவாஞ்சிக்குடியில டீச்சர், கம்பியூட்டர் வேலை தெரியாது. "அழிக்கும் எண்டா எத அக்கா, ஒண்டையா எல்லாத்தையுமா?" எண்டு கேட்டா நான் திரும்ப எழுதுவன்.

இப்படிக்கு,
டெஸ்டிங் வேலை செய்யிற வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.