அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்

இணையப் பக்கங்களை வடிவமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. கைப்பேசியில் செய்தி படிக்க அவர் முதலில் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார். பிறகு கேலரியைத் திறந்து, அந்தப் படத்தை இரண்டு விரல்களால் விரித்துப் படிக்கிறார். செய்தி இன்னும் நீண்டால் திரும்பப் போய் இன்னொரு ஸ்கிரீன்ஷாட். ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்டேன். "அந்தப் பக்கம் விரிய மாட்டேன் என்கிறதே" என்றார். தமிழில் இது சின்ன விஷயமில்லை. கொம்பில் ஒரு சுழி தெரியாவிட்டால் 'அமைச்சர் பேட்டி' என்பது 'அமைச்சர் பெட்டி' ஆகிவிடும். அப்பா ஒருமுறை அப்படித்தான் படித்துவிட்டு, அரைமணி நேரம் ஊழலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பக்கம் விரியாததற்குக் காரணம் உங்களில் ஒருவர் வியூபோர்ட் குறியில் (பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வரி) எழுதிவைத்த 'யூசர்-ஸ்கேலபிள்=நோ', அதாவது 'படிப்பவர் பெரிதாக்கக் கூடாது'. ஏன் எழுதுகிறீர்கள் என்பதும் தெரியும். நாங்கள் தட்டச்சு செய்யும் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், அதைத் தொட்டதும் ஐபோனின் உலாவியான சஃபாரி தானாகவே பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், அமைப்பு கலையும். பெட்டியின் எழுத்தை 16 பிக்சல் ஆக்கினால் தீர்ந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்? 2016இல் ஐஓஎஸ் 10 வந்தபோதே சஃபாரி அந்தத் தடையைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிட்டது. ஆண்ட்ராய்டு குரோம் இன்னும் உங்கள் சொல்லைக் கேட்கிறது. அதை மீற அணுகல்தன்மை அமைப்பில் ஒரு தெரிவு உண்டு. அப்பாவின் போனில் நான்தான் தேடிப்பிடித்துப் போட்டுக்கொடுத்தேன்.

அதன்பிறகுதான் அடுத்த தொல்லை தெரிந்தது. அப்பா விரல்களை விரிக்கிறார், பக்கம் அசையாமல் நிற்கிறது, பிறகு திடுமென ஒரே தாவாகத் தாவுகிறது. உலாவி இயல்பாக இப்படிச் செய்வதில்லை. ஏற்கெனவே வரைந்துவைத்த பக்கத்தை முதலில் அப்படியே இழுத்துக் காட்டும். அதனால்தான் ஒரு கணம் எழுத்து மங்குகிறது. பிறகு புதிய அளவில் கூர்மையாக வரையும். (அப்பாவின் ஸ்கிரீன்ஷாட்டில் நடப்பது இந்த முதல் பாதி மட்டும்.) ஆனால் நீங்கள் படவரிசைக்கும் விளம்பரத்துக்கும் தொடுகை கேட்பிகளை (விரல் படுவதைக் கவனிக்கும் நிரல் துண்டுகளை) வைத்திருக்கிறீர்கள். உங்கள் நிரல் இந்த விரலசைவைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளுமோ என்று உலாவி அதன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நிரலோ விளம்பரங்களை ஏற்றுவதில் மும்முரமாக இருக்கிறது. ஆவணம் முழுவதற்குமான கேட்பிகளை 2017இல் குரோம் 56 தானே 'பாசிவ்' ஆக்கிவிட்டது, அதாவது அவற்றின் பதிலுக்கு உலாவி காத்திருக்க வேண்டியதில்லை. தனித்தனி உறுப்புகளில் நீங்கள் வைப்பவற்றை நீங்கள்தான் அப்படிப் பதிவுசெய்ய வேண்டும். படவரிசைக்கு, எந்த விரலசைவை உலாவி கையாளலாம் என்று சொல்லும் 'டச்-ஆக்‌ஷன்' எழுதும்போது 'பேன்-ஒய்' (மேலும் கீழும் நகர்த்தல்) என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்; 'பின்ச்-ஜூம்' (இரு விரலால் பெரிதாக்கல்) சேர்க்காவிட்டால் அந்த இடத்தில் விரல் வைத்து விரிக்க முடியாது.

எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்று இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிமுறை 2008இலேயே சொல்லிவிட்டது. இன்று உங்கள் மூலநிரலைத் திறந்து, தலைப்பகுதியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவின் போனில் இடம் நிரம்பிவிட்டது. பேத்தியின் படங்களுக்கு நடுவே தங்க விலை ஸ்கிரீன்ஷாட்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்