இருநூறு ரூபாய் ரசீதுக்கு மேலேயும் சட்டம் இருக்கிறது

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் எல்லைப் பஞ்சாயத்துகளில் புகையிலை வழக்கு எழுதும் காவல், உணவுப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பிள்ளைகளைத் தமிழ்வழிப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரில் ஒருவன் நான். புதுச் சட்டம் வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. கையில் இருக்கிற சட்டங்களில் மிக மெலிந்த பிரிவை மட்டுமே ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒருநாள் சோதனை நடந்தது. பள்ளிச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெட்டிக்கடை. ஜீப் வந்து நின்றது, லாட்டரிச் சீட்டுப் பலகைக்குப் பின்னால் இருந்த சிகரெட்டையும் பீடிக்கட்டையும் எடுத்து வெளியே வைத்தார்கள், ரசீது எழுதினார்கள். கடைக்காரர் கல்லாவிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார். ரசீதை வாங்கி, பால் பில்லும் சோடா பில்லும் குத்தியிருந்த அதே கம்பியில் குத்தினார். அதில் ஏற்கெனவே அதே மாதிரி ரசீதுகள் கிடந்தன. ஜீப் வளைவு திரும்புவதற்குள் அடுத்த ஆளுக்குச் சிகரெட் போய்விட்டது. "கரண்ட் பில் மாதிரிதாங்க இது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் கணக்கு தப்பில்லை. 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பதையும் தடை செய்கிறது. நூறு கெஜம் என்றால் ஏறக்குறைய 91 மீட்டர், அதுவும் பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து அளக்க வேண்டும். மீறினால் 24-ஆவது பிரிவின்படி அபராதம் இருநூறு ரூபாய் வரை. 'வரை' என்பதைக் கவனியுங்கள், அதற்குக் குறைவாகவும் போடலாம். நீதிமன்றம் போகாமலே பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். பத்தாவது தடவை பிடிபட்டாலும் அதே இருநூறுதான், ஏறாது. இ-சிகரெட்டுக்கு 2019-இல் வந்த சட்டத்தில் முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அது பீடிக்கட்டுக்கு இல்லை, சரி.

ஆனால் சிறுவனுக்கு விற்பது வேறு விஷயம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவில் மதுவோடும் போதைப்பொருளோடும் சேர்த்துப் புகையிலையும் இருக்கிறது. குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம் இது. எட்டாம் வகுப்புப் பையன் காசு கொடுத்து வாங்கிப் போவதை நேரில் பார்த்த பிறகும் இருநூறு ரூபாய் ரசீதையே கிழித்துக் கொடுக்கிறீர்கள் என்றால், 77-ஐ நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதினால் சாட்சி வேண்டும், கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். ரசீது என்றால் பத்து நிமிட வேலை.

எல்லாரையும் ஏழு வருடம் உள்ளே தள்ளச் சொல்லவில்லை. கணவனை இழந்து, ஒரு பலகையும் நாலு டப்பாவுமாகப் பிழைக்கிற அக்காக்கள் இங்கே உண்டு. பெரியவர் ஒருவருக்குப் பீடி கொடுத்ததற்கு அவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தால் முதல் ஆளாக நானே எதிர்ப்பேன். அவர்களுக்கு எச்சரிக்கையும் ரசீதும் போதும். திரும்பத் திரும்பப் பள்ளிப் பையன்களுக்கென்றே சரக்கு வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே ரசீது கொடுத்தால் சிரிக்கிறவர் அவர்தான்.

அப்புறம் கூல் லிப் மாதிரி புகையிலை அடைத்த அந்தச் சின்னப் பைகள். உதட்டுக்கடியில் அடக்கிக்கொண்டு வகுப்பில் உட்காரலாம், புகை இல்லை, வாசனையும் குறைவு. கேரளத்தில் 2012 மே மாதமே குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தடை வந்தது, தமிழ்நாட்டில் 2013-இல். உணவுப் பொருளில் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக் கூடாது என்று 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. பள்ளி மாணவர்களிடம் கூல் லிப் புழங்குவதைப் பற்றி 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பியது. எல்லைக்கு இரண்டு பக்கமும் தடை, ஆனால் எங்கள் கடைகளில் கிடைக்கிறது. ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போய்விட்டன. வாளையாறில் நீங்கள் லாரியை நிறுத்தலாம், தென்னந்தோப்பு வழியாக வருகிற பைக்கை யார் நிறுத்துவது? தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி கிடையாது, அதனால் சீட்டு வாங்க அந்தப் பக்கத்திலிருந்து தினமும் ஆள் வருகிறது. வருகிறவர்களில் சிலர் வெறுங்கையோடு வருவதில்லை. இது ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்காருகிற எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே பை பிடிபட்டால் ரசீதோடு விடாதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு எழுதுங்கள். யாரிடம் வாங்கினாய், எத்தனை நாளாக வாங்குகிறாய் என்று கேட்டு அதையும் எழுதி, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு மாநிலத்துக்காரர்களும் பேசிக்கொண்டால்தான் மொத்த வியாபாரி மாட்டுவார்.

பள்ளிக் கேட்டில் உள்ள பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விற்கக் கூடாது என்பதோடு, அபராதம் இருநூறு ரூபாய் வரை என்பதையும் விதி அதில் எழுதச் சொல்கிறது. விலைப்பட்டியலை நாமே மாட்டிவைத்த மாதிரி ஆகிவிட்டது! எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கீழேயே 77-ஆவது பிரிவின் தண்டனையையும் எழுதுங்கள். மலையாளத்தோடு தமிழிலும் இருக்கட்டும், விற்கிறவரும் வாங்குகிறவரும் இங்கே பெரும்பாலும் தமிழ்தான் படிக்கிறார்கள். நூறு கெஜம் எங்கே முடிகிறது என்று காட்ட மஞ்சள் கோடு போடச் சொல்லி, புகையிலை இல்லாத பள்ளிகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் கேட்கின்றன. பள்ளிக்குப் பெயின்ட் வாங்கித் தர பெற்றோர் தயார், அளந்து கொடுக்க நீங்கள் வந்தால் போதும்.

பக்கத்துக் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை ஆயிரமாக்கி, வயதையும் இருபத்தொன்றாக உயர்த்திவிட்டது. மத்திய அரசின் 2020 திருத்த வரைவு வரைவாகவே நிற்கிறது. அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். பொது இடத்தில் புகைப்பதை 1999-லேயே உயர் நீதிமன்றம் தடுத்த மாநிலம் இது. இங்கே ஏற்கெனவே உள்ள பிரிவை எடுத்து எழுத யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

சாட்சி கிடைக்காது என்பதுதான் தயக்கம் என்றால், பிள்ளைகளைக் கூண்டில் ஏற்ற வேண்டாம், பார்த்த பெரியவர்கள் நாங்கள் சிலர் வருகிறோம். பெயர்களை இங்கே போட முடியாது, கடைக்காரர்களும் இதைப் படிப்பார்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நேரில் வந்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
எல்லையோரப் பெற்றோரில் ஒருவன்