ஸ்பாட் ஃபைனும் கோர்ட் ஃபைனும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலை உத்தரவு கைக்கு வந்து, சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பும் நேரத்தில்தான் பலருக்கும் பழைய சலான்கள் நினைவுக்கு வருகின்றன. ஹெல்மெட் போடாததற்குக் கட்டிய ஆயிரம் ரூபாயை நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பவர், என்றோ ஒரு சிறு விபத்து வழக்கில் மாஜிஸ்திரேட் முன் ‘ஒப்புக்கொண்டு’ அபராதம் கட்டியதை அடியோடு மறந்திருப்பார். வேலைக்கு வினையாகக்கூடியது இந்த இரண்டாவதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 200-வது பிரிவு, ஹெல்மெட், சீட் பெல்ட், அதிவேகம், ஓட்டும்போது செல்போன் போன்ற குற்றங்களுக்கு இணக்கக் கட்டணம் (பேச்சுவழக்கில் ஸ்பாட் ஃபைன்) செலுத்தி முடித்துக்கொள்ள வழி தருகிறது. அப்படிக் கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடக்காது. நீதிமன்றம் தண்டித்ததாகவும் ஆகாது. கட்டாமல் விட்ட சலான் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. அதன்பின் மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு செலுத்துவது நீதிமன்ற அபராதம். வீட்டில் உட்கார்ந்து செல்போனில் கட்டினாலும் அதன் பெயர் அதுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், மத்திய அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவம் (அட்டெஸ்டேஷன் படிவம்) ஒரே கேள்வியோடு நிற்பதில்லை. கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா, தண்டனை பெற்றதுண்டா, இப்போது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று தனித்தனியாகக் கேட்கிறது. ‘சின்ன கேஸ்தானே’ என்று வரிசையாக ‘இல்லை’ போட்டுக்கொண்டே போகிறவர் அபராதக் கேள்வியில் சிக்குகிறார். தகவலை மறைப்பதே தகுதியிழப்பு என்று படிவத்தின் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

குடிபோதையில் ஓட்டுவது (பிரிவு 185) 200-வது பிரிவின் பட்டியலிலேயே இல்லை. ஆகவே நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ‘பத்தாயிரம் கட்டி வண்டியை எடுத்துவிட்டேன்’ என்று சொல்பவர், தன் பெயரில் ஒரு குற்றத்தீர்ப்பு இருக்கிறது என்பதை உணர்வதேயில்லை.

அடுத்தது விபத்து வழக்கு. ஒருவருக்குக் காயம் என்றால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். காயம்பட்டவர் இழப்பீடு கோர பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) தேவைப்படும் என்பதால், இரு தரப்பும் சமாதானமாகிவிட்டாலும் வழக்கு பதிவாகிவிடும். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கான பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, அதற்கு முன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279. தண்டனை அதிகபட்சம் 6 மாதம் அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். தொகை சிறியது என்பதால், வாய்தாவுக்கு அலைய முடியாமல் ‘ஒப்புக்கொண்டு கட்டிவிடுங்கள்’ என்று வக்கீல்களே சொல்லிவிடுகிறார்கள். அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞருக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. வழக்கை நடத்தலாம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். ஒப்புக்கொள்வதே வழி என்றால், குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ன் 3 அல்லது 4-வது பிரிவின்கீழ், தண்டிக்காமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12-வது பிரிவு. ஆனால் தீர்ப்பு அழிந்துவிடாது, படிவத்தில் சொல்லத்தான் வேண்டும். உயிரிழப்பு நேர்ந்த வழக்குகளில் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம்.

காவலர் தேர்வு எழுதுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே தமிழ்நாடு காவல் பணி விதிகள் கருதுகின்றன.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடாதா? அவதார் சிங் வழக்கில் (2016) உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு ஓரளவு தெளிவு தந்திருக்கிறது. உண்மையைச் சொன்னவரையும் முன்நடத்தை பார்த்து மறுக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. அதேசமயம், வெளிப்படுத்தியிருந்தாலும் பணிக்குத் தகுதியற்றவராக ஆக்கியிராத அற்பமான குற்றத்தை மறைத்திருந்தால், அதை வேலை தருபவர் மன்னிக்கலாம். ‘மன்னிக்கலாம்’ என்பதுதான் சொல். மன்னித்தாக வேண்டும் என்றில்லை. படிவம் குறிப்பாகக் கேட்காததைச் சொல்லாததற்காகத் தண்டிக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எனவே கேட்டதற்கு மட்டும், முழுமையாக எழுத வேண்டும்: காவல் நிலையம், குற்ற எண், நீதிமன்றம், வழக்கு எண் (எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்று தொடங்கும்), பிரிவு, தீர்ப்பு நாள், கட்டிய தொகை. கூடவே காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்கிய சான்றிட்ட தீர்ப்பு நகல். நகல் கிடைக்க நாளாகும். நேர்முகத் தேர்வுக்கு முன்பே மனு போட்டுவிடுவது நல்லது.

தனியார் நிறுவனங்களுக்காகச் சரிபார்க்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் நீதிமன்ற வழக்கு விவரங்கள் உள்ள இ-கோர்ட்ஸ் இணையதளப் பதிவுகளில் பெயரைப் போட்டுத் தேடுகின்றன. நம் ஊரில் இனிஷியலோடு ஒரே பெயர் எத்தனை பேருக்கு! இன்னொரு முருகனின் வழக்கு உங்கள் அறிக்கையில் ஏறிவிட்டதாகத் தெரிந்தால், தந்தை பெயர், முகவரி, வயது ஆகியவற்றை வழக்கு ஆவணத்தோடு ஒப்பிட்டு எச்.ஆருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். வாய்ச்சொல் பதிவாகாது. ஓட்டுநர் வேலை என்றால் மத்திய அரசின் வாகன, லைசென்ஸ் இணையதளமான பரிவாஹனில் லைசென்ஸ் நிலையையும் பார்ப்பார்கள். அங்கே தற்காலிகத் தகுதிநீக்கம் தெரிந்தால், அபராதம் எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒன்று. கேமரா சலான் ஓட்டியவரைத் தேடிப் போவதில்லை, ஆர்.சி.யில் உள்ள பெயருக்குத்தான் வரும். வண்டியை விற்றவர் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றாமல், வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட்டை மட்டும் கையில் வைத்திருப்பவர்கள், இ-சலான் தளத்தில் பழைய வண்டி எண்ணை இன்றே போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், திருச்சி