ரோபோ போதும், ஆசிரியரைக் கொஞ்சம் வெளியே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல், தொழில்நுட்பம் என்று பேச்சு வந்தாலே ரோபோ, ட்ரோன், முப்பரிமாண அச்சு இயந்திரம் என்று நம் கண் பொருள்கள் மேலேயே போகிறது. பொருளுக்கு இங்கே என்ன குறைச்சல்? 2020 முதல் தொடக்கநிலை மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' என்று 10 மணி நேர நிரலாக்கப் பயிற்சி உண்டு. உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கணினி இருக்கிறது. அறிவியல் நிலையத்தில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத்துக்கென இருக்கும் 'ஸ்டெம் இங்க்' பிரிவு 2014லிருந்து பள்ளிகளோடு சேர்ந்து செயல்முறைப் பாடங்கள் நடத்துகிறது. 15 வயது மாணவர்களுக்கான அனைத்துலகத் தேர்வான பீசாவின் 2022 மதிப்பீட்டில் அறிவியலில் 561 புள்ளிகளோடு உலகிலேயே நாம்தான் முதலிடம். சரி, அப்புறம்? இவ்வளவு நன்றாகப் படிக்கிற பிள்ளையிடம் என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்பார்கள், இல்லாவிட்டால் 'ஐடி'.

நான் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வேஃபர் ஃபேப்பில், அதாவது வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தகடுகளில் கணினிச் சில்லு செய்யும் தொழிற்சாலையில், இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். குளிர்பானக் கேனின் வெளிப்புறம் ஏன் நீர்த்துளி கட்டுகிறது என்ற பிஎஸ்எல்இ (தொடக்கநிலை இறுதித் தேர்வு) கேள்விக்கு நம் பிள்ளைகள் 'கீவேர்ட்' ஒன்றுகூட விடாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள், டியூஷனில் அப்படித்தான் பழக்குகிறார்கள். அதே நீர்த்துளி, குளிர்நீர்க் குழாயின் மேலுறை கிழிந்த இடத்தில் கட்டி, கீழே இருக்கும் விலையுயர்ந்த இயந்திரத்தின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்பதுதான் எங்களுக்கு அன்றாடக் கவலை. சில்லில் கோடு பதிக்கும் பகுதியில் விளக்கெல்லாம் மஞ்சளாக இருக்கும், ஏனென்றால் அங்கே பூசும் ரசாயனம் நீல, ஊதா ஒளி பட்டால் மாறிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் வேஃபரைக் கழுவ மிக மிகத் தூய்மையான நீர் வேண்டும், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரை அதிகம் வாங்குவது ஃபேப்களும் மற்றத் தொழிற்சாலைகளும்தான். ஒளி, நீர், வெப்பம் எல்லாம் பள்ளிப் பாடம்தானே! ஆனால் பாடத்துக்கும் இந்த வேலைக்கும் நடுவில் முடிச்சுப் போட ஆளில்லை.

பள்ளியிலிருந்து மாணவர்களைக் கூட்டி வருகிறார்களே என்பீர்கள். வருகிறார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக ஒரு பார்வை, மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் ஸ்லைடு காட்டுவார், பையில் ஒரு பேனாவும் தண்ணீர் பாட்டிலும், முடிந்தது. கூட வந்த ஆசிரியர் பாவம், தலை எண்ணுவதிலேயே இருப்பார்; அவர்தான் உண்மையில் உள்ளே வந்து பார்க்க வேண்டியவர். மாணவர் ஒருவர் வந்தால் ஒருவரோடு போயிற்று, ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டுப் போனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர் வகுப்பில் உட்காரும் அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும்.

ஆசிரியர்களை வெளி நிறுவனங்களுக்கு அனுப்பிப் பணியனுபவம் பெற வைக்கும் திட்டம் கல்வி அமைச்சிடம் ஏற்கெனவே இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் அதற்கு ஆசிரியருக்கு நேரம் எங்கே? ஜூன் விடுமுறையில் போகலாம் என்றால் அதுதான் அவர் மூச்சுவிடும் நேரம், அதிலும் பாதி இணைப்பாட நடவடிக்கைகளுக்கும் கூடுதல் வகுப்புக்கும் போய்விடுகிறது. புதிய கருவி வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை மாற்று ஆசிரியருக்குக் கொடுத்து, அறிவியல் ஆசிரியர் ஒருவரை ஒரு தவணைக்கு முழுதாக வெளியே விட்டால் என்ன?

இன்னொன்று, வேலை வழிகாட்டி நாளுக்கு எப்போதும் மேலாளர்களையே அழைக்கிறார்கள். ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் படித்து இரவு ஷிஃப்டில் பம்ப் பழுது பார்ப்பவரையும் அழையுங்கள். 'ஐடிஇயா?' என்று முகம் சுளிக்கும் நம் தமிழ்ப் பெற்றோரும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும், பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

எங்கள் பிரிவில் ஓர் ஆசிரியர் வந்து சில வாரம் எங்களோடு வேலை பார்க்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டால் தாராளமாக வரலாம் என்றார். இனிப் பள்ளிதான் ஆளை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்