புகார்: டாப்-அப் போட்டும் நாள் கூடாத முன்கட்டணக் கைத்தொலைபேசி லைன்கள்

அனுப்புநர்: டாப்-அப் விற்கும் மளிகைக் கடைக்காரர்கள், சுங்கை சிப்புட் தோட்ட வட்டாரம், பேராக்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தொலைபேசி நிறுவனத் தலைமை அலுவலகம், கோலாலம்பூர்.

பொருள்: டாப்-அப் கெடு (லைன் செல்லுபடியாகும் கடைசி நாள்) குறித்த விவரம் ரசீதிலும் குறுஞ்செய்தியிலும் தெளிவாக இல்லாதது.

ஐயா / அம்மையீர்,

உங்கள் முன்கட்டண லைனுக்கு இந்த வட்டாரத்தில் டாப்-அப் போட்டுக் கொடுப்பவர்கள் நாங்கள். தோட்டத்து மக்கள் காசை எங்கள் கையில்தான் கொடுக்கிறார்கள். லைன் செத்துப்போனாலும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். "பத்து வெள்ளி (ரிங்கிட்) போட்டேனே, நாள் ஏன் கூடல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

உங்கள் சுவரொட்டியில் 5 வெள்ளிக்கு 5 நாள், 10 வெள்ளிக்கு 10 நாள், 30 வெள்ளிக்கு 30 நாள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த நாட்கள் ஒன்றோடொன்று சேராது என்பது அதில் எங்கும் இல்லை. பழைய கெடு, புதிய கெடு இரண்டில் எது பிந்தியதோ அதுதான் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஜூன் 1ஆம் தேதி 30 வெள்ளி போடுகிறார், கெடு ஜூலை 1. ஜூன் 20ஆம் தேதி, கையில் காசு இருக்கும்போதே போட்டுவிடலாம் என்று இன்னொரு 10 வெள்ளி போடுகிறார். அதன் கெடு ஜூன் 30. ஜூலை 1தான் பிந்தியது என்பதால் அவருக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை. அதே 10 வெள்ளியை ஜூன் 30 அன்று போட்டிருந்தால் கெடு ஜூலை 10 ஆகியிருக்கும், ஒன்பது நாள் கூடியிருக்கும். முன்யோசனையோடு நடப்பவருக்குத்தான் இந்த விதியில் நட்டம்.

ஒரே நாளில் மூன்று 10 வெள்ளி போட்டாலும் இதே கதைதான். கிரெடிட் 30 வெள்ளி ஏறும், நாள் பத்துதான். ஒரே தடவையாக 30 வெள்ளி போட்டவருக்கு அதே காசுக்கு முப்பது நாள். சில்லறையாகப் போடுவது யார்? சம்பளத்துக்குச் சம்பளம் எண்ணிச் செலவழிப்பவர்கள்தான். அதனால் இன்னும் நாள் மீதி இருப்பவர்களிடம், "கெடு முடியும் நாளில் வாங்க" என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். அதிலும் ஆபத்து உண்டு. அன்று கடை அடைத்திருக்கலாம், உங்கள் டாப்-அப் முறை தடைப்பட்டிருக்கலாம், மழையில் தோட்டத்துப் பக்கம் சிக்னல் போயிருக்கலாம்.

ரசீதைப் பாருங்கள், இத்துடன் நகல்கள் வைத்துள்ளோம். தொலைபேசி எண், தொகை, பரிவர்த்தனை எண், நேரம் எல்லாம் அதில் இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு வேண்டிய ஒரே தேதியான புதிய கெடு இல்லை. போதாக்குறைக்கு அந்தச் சுருள் தாள் சட்டைப் பையில் ஒரு வாரம் இருந்தால் வெளுத்துவிடுகிறது.

கெடுவைத் தெரிவிப்பது நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி ஒன்றுதான். அதில் மூன்று தேதிகள் வருகின்றன: கிரெடிட் கெடு, டேட்டா பாஸ் கெடு, போனஸ் கெடு. மூன்றுக்கும் 'தாரிக் லுபுட்' (மலாயில் காலாவதித் தேதி) என்ற ஒரே சொல். கடைசியில் இருக்கும் தேதிதான் லைனுக்கு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். செயலியில் பார்க்கச் சொல்கிறீர்கள். 2021 இறுதியில் 3ஜி நின்ற பிறகும் பேசுவதற்கு மட்டும் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கே செயலியைத் திறப்பது? லைனை ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கும் வசதியையும் செயலியில் மட்டுமே விற்கிறீர்கள். அழைப்பு வந்தால் போதும் என்றிருக்கும் அவர்களுக்குத்தான் அது உண்மையில் பயன்படும்.

டேட்டா பாஸ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு, யாரும் கேட்காமலே திறந்திருக்கிறது. கிரெடிட் போதாமல் புதுப்பிப்பு தவறினால் டேட்டா நிற்பதில்லை. மீதிக் கிரெடிட்டிலிருந்து அடிப்படைக் கட்டணத்தில் காசு கரைகிறது. அழைப்புக்கென்று வைத்திருந்த நாலைந்து வெள்ளி, பேரப்பிள்ளை பார்த்த ஒரு காணொளியில் போய்விடுகிறது. ஒரு நாள் பாஸை இரவு 8 மணிக்கு வாங்கினாலும் 11.59க்கு முடிந்துவிடுகிறது. இருபத்து நான்கு மணி நேரம் என்றுதான் வாங்குபவர் நினைப்பார்.

எங்களுக்குப் பெரிய கவலை எண் பறிபோவது. உங்கள் நிபந்தனைப்படி கெடு முடிந்ததும் 60 நாள் அவகாசம், அதுவரை அழைப்பு வரும், போகாது. அழைப்பு வருவதால் லைன் நன்றாக இருக்கிறது என்றே பெரியவர்கள் நினைக்கிறார்கள். 61ஆம் நாள் எண்ணும் போகிறது, மீதிக் காசும் போகிறது. பிறகு அந்த எண் வேறொருவருக்கு விற்கப்படுகிறது. வங்கிப் பரிவர்த்தனைக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் கடவு எண்ணைக் கைவிடும்படி 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது உண்மைதான். ஆனாலும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை எல்லா இடத்திலும் பதிவாகியிருப்பது அந்தப் பழைய எண். இபிஎஃப்பில் அதை மாற்ற வயதானவர் அடையாள அட்டையோடு ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்று உங்கள் சேவை மையத்தில் சொன்னார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2008 முதல் இருக்கிறது, தெரியும். ஆனால் மீதிக் கிரெடிட் கூடவே வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நாட்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கொடுங்கள். அது முடியாதென்றால், 'நாட்கள் சேராது' என்பதைச் சுவரொட்டியில் அதே கொட்டை எழுத்தில் தமிழிலும் போடுங்கள். ரசீதில் புதிய கெடு அச்சாக வேண்டும். குறுஞ்செய்தியில் லைன் கெடு முதல் வரியில் தனியாக வர வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பு கேட்டால் மட்டும் திறக்கட்டும். ஓராண்டு நீட்டிப்பைக் கடையிலும் விற்க விடுங்கள். அவகாசக் காலத்தில் எண் போகும் தேதியைக் குறிப்பிட்டு, 30ஆம் நாளும் 50ஆம் நாளும் எச்சரிக்கை அனுப்புங்கள். இணைப்பில் உள்ள, கெடு முடிந்த பதினான்கு வாடிக்கையாளர்களில் ஒன்பது பேர் இன்னும் அவகாசக் காலத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களின் லைனை உடனே திறந்து விடுங்கள். எண்ணை இழந்த மற்ற ஐவருக்கும் மீதிக் காசைத் திருப்பித் தாருங்கள்.

14 நாளுக்குள் எழுத்து வழிப் பதில் வராவிட்டால், இதே ரசீதுகளோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தில் புகார் பதிவு செய்வோம். ஒன்பது பேரில் ஒருவருக்கு அவகாசம் முடிய இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. அவருடைய எண் இணைப்பின் முதல் வரியில் உள்ளது.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டார டாப்-அப் கடைக்காரர்கள்

இணைப்பு: ரசீது நகல்கள் 14, வாடிக்கையாளர் எண்களும் கெடுத் தேதிகளும் கொண்ட பட்டியல் 1